பொம்மைக் கரி

இல்ல தம்பி, அது எங்க கரி இல்ல. எங்க கேஸ் கணப்போட சேர்ந்து வந்ததெல்லாம் நல்ல கறுப்பு, ஓரத்துல மட்டும் சாம்பல் பூசின மாதிரி இருக்கும். நீங்க கையில வச்சிருக்கீங்களே, பழுப்பா, அவிச்ச உருளைக்கிழங்கு கணக்கா, அது கென்யன்னு ஒருத்தன் இருக்கானே, அவன் வீட்டோடது. பதினொண்ணாம் நம்பர். அதுக்குப் பக்கத்துல சப்பையா இருக்கறது யாரோடதுன்னு எனக்கே தெரியாது. மூலையில மரப்பட்டையெல்லாம் போட்டு விறகுத்துண்டு மாதிரி ஒண்ணு இருக்கு பாருங்க, அது எதுத்த வீடு. இந்தத் தெருவுல விறகு மாடல் வாங்கினது அவங்க மட்டும்தான். வாங்கின அன்னைக்குத் தெருவையே கூப்பிட்டுக் காட்டினாங்க. என்னமோ காட்டையே வாங்கின மாதிரி.

ஷூவைக் கழட்டச் சொன்னதுக்குத் தப்பா நினைச்சுக்காதீங்க. அந்த நீலப் பிளாஸ்டிக் உறையெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்ல, ரெண்டடி வச்சா கிழிஞ்சுடுது. சாக்ஸோடயே இருங்க. தரை சில்லுனுதான் இருக்கும். இந்த ரூமே சில்லுனுதான் இருக்கு, அதுக்குத்தானே கணப்பைச் சரி பண்ண உங்களைக் கூப்பிட்டது.

எப்படி வந்துச்சுன்னா? எங்க வீட்டுக்காரரு பாக்கெட்ல ஏறி வந்துச்சு.

சொல்றேன். ஆனா நீங்க கையை நிறுத்தாதீங்க. பேசிக்கிட்டே வேலை பாக்கத் தெரியாத ஆம்பளைங்கள நான் நிறைய பாத்திருக்கேன், ஒரு வாய் பேசறதுக்கு ஸ்பேனரைக் கீழ வைப்பாங்க. நாலு மணிக்கெல்லாம் இருட்டிடும். அதுக்குள்ள இது முடியணும். எங்க வீட்டுக்காரரு ஜெரார்ட் மேல படுத்திருக்காரு, ராத்திரி இங்க கணப்புக்கிட்ட வந்து உக்காரணும்னு சொல்லியிருக்காரு. வருஷக் கடைசி ராத்திரி. அவரு மாடியை விட்டு இறங்கியே ரொம்ப நாளாச்சு.

சத்தம் வந்தா வரட்டும். அவருக்குச் சத்தம் புடிக்கும். சத்தமில்லாம இருந்தாதான் என்ன ஆச்சு உர்சுலான்னு கூப்பிடுவாரு.

உங்க வீட்டுல முதல் காலடி வைக்கற வழக்கம் கிடையாதா? வீடு எங்க, ஆதர்டன்லயா? அங்கயும் எல்லாரும் செய்வாங்களே. ஓ, அப்பா தெற்கு இங்கிலாந்து ஆளு. சரிதான். அங்க அதெல்லாம் கிடையாது, அங்க பட்டாசு விட்டுட்டுத் தூங்கிடுவாங்க. ஆதர்டன் பக்கம்தானே, வண்டியில எவ்வளவு நேரம் ஆகும், ஒரு பாட்டு முடியறதுக்குள்ள வந்துடலாம். சும்மா கேட்டேன்.

விஷயம் இதுதான். வருஷம் பொறந்ததும் வாசப்படியைத் தாண்டி முதல்ல உள்ள வர்ற ஆளு ஆம்பளையா இருக்கணும். கறுப்பு முடியா இருக்கணும். கையில ஒரு துண்டு கரி வச்சிருக்கணும். அந்தக் கரியை அவரே கொண்டுபோய் நெருப்புல வைக்கணும், வீட்டுக்காரங்க கை படக்கூடாது. வச்சா அந்த வருஷம் பூரா அந்த வீட்டுல கணப்பு அணையாதாம், ஆளுங்களுக்கு ஒண்ணும் ஆகாதாம். வெளுத்த முடி ஆகாது. புருவம் ஒண்ணு சேர்ந்தவன் ஆகாது. தட்டைப் பாதம் ஆகாது. பொம்பளை ஆகாது. செம்பட்டை முடி ஆகவே ஆகாது. செம்பட்டை முடியில ஒரு பொம்பளை வந்துட்டா கேக்கவே வேண்டாம், வீட்டை வித்துட்டுப் போயிடலாம்.

எனக்கு இதுல துளி நம்பிக்கை கிடையாது. இதை இப்பவே சொல்லிடறேன். நான் கான்வென்ட்ல படிச்சவ. சிஸ்டர் கான்சிலியான்னு ஒருத்தங்க, புது வருஷம் பள்ளிக்கூடம் திறந்ததும் முதல் வேலையா யார் வீட்டுல கரி வச்சீங்கன்னு கேப்பாங்க. உண்மையைச் சொல்லிக் கை தூக்கினவங்கள வரிசையா முட்டி போட வச்சு ஜெபமாலை சொல்ல வைப்பாங்க. நாலாவது வகுப்புக்கு மேல ஒருத்தியும் கை தூக்கல. கரி வைக்கறது நிக்கல, கை தூக்கறது நின்னு போச்சு. அதுக்குப் பேரு கல்வி.

எங்க வீட்டுக்காரருக்கு முடின்னா அப்படி ஒரு முடி. அண்டங்காக்கா நிறம். கல்யாணத்தப்போ எங்க அம்மா, பையன் நல்லவனான்னு கேக்கல, டை அடிக்கிறானான்னு கேட்டாங்க. இந்தத் தெருவுல வேற ஆளே கிடையாது. கென்யனுக்கு முப்பது வயசுலயே தலை வழுக்கை. எதுத்த வீட்டுக்காரனுக்குப் பிறந்ததிலேருந்தே வைக்கோல் நிற முடி. மிச்சம் பேரெல்லாம் நரைச்சாச்சு. அதனால வருஷா வருஷம் இவர்தான் தெரு பூரா முதல் காலடி வைப்பாரு. நம்ம வீட்டுல கிளம்பி, அந்த வரிசை முடிச்சு, இந்த வரிசை முடிச்சு, கடைசியா நம்ம வீட்டுக்கே வந்து சேருவாரு. ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு மடக்கு விஸ்கி ஊத்துவாங்க. கடைசி வீடா நம்ம வீடு இருக்கறது எவ்வளவு வசதின்னு பாத்துக்குங்க.

ஆமா, கரிக்குத்தான் வரேன். அவசரப்படுத்தறது என் வேலை, உங்க வேலை இல்ல.

சுரங்கமெல்லாம் மூடினாங்க, அப்புறம் புகை வர்ற கரியே எரிக்கக்கூடாதுன்னாங்க, எல்லா வீட்டுக்கும் கேஸ் வந்துச்சு. பொம்மைக் கரி வந்துச்சு. எரியற மாதிரி இருக்கும், எரியாது. நிஜக் கரிக்கு எங்க போறது? பெட்ரோல் பங்க்ல மூட்டையா விக்கறாங்க. ஒரு துண்டுக்காக ஒரு மூட்டை வாங்கி அதை எங்க வைக்கறது? இவரு என்ன பண்ணாரு, எங்க கணப்புலேருந்தே ஒரு பொம்மைக் கரியைக் கிடுக்கியில எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டாரு. சம்பிரதாயத்துல நிஜக் கரின்னு எங்க சொல்லியிருக்குன்னு என்னையே கேட்டாரு.

முதல் வீட்டுக்குப் போனாரு. அவரு கையாலயே அவங்க கணப்புல வச்சாரு. இப்ப அவங்க கணப்புல ஒண்ணு கூடிப் போச்சா? இடிக்குது. அதனால அவங்க ஒண்ணை எடுத்து இவரு கையில குடுத்தாங்க. வந்தவரை வெறுங்கையோட அனுப்பக்கூடாதாம், அது வேற. இவரு அதை எடுத்துட்டுப் போயி அடுத்த வீட்டுல வச்சாரு. அந்த வீட்டுல ஒண்ணை எடுத்தாங்க. அதை அதுக்கடுத்த வீட்டுல. இப்படியே போயி, கடைசி வீட்டோட கரி நம்ம வீட்டுக்கு வந்து சேந்துச்சு. வருஷா வருஷம். எந்த வீட்டுலயும் இது வேற கம்பெனி, இது வேற அளவுன்னு ஒருத்தரும் பாக்கல. கரின்னா கரிதானேன்னு நினைச்சாங்க. நெருப்புல போடற கரிக்கு அளவு பாத்து வளர்ந்த ஜனங்களா நாங்க?

அதான் பதினொண்ணாம் நம்பர்ல போன மாசம் கணப்பைச் சரி பண்ணப் போனப்போ உங்களுக்குத் தலை சுத்தியிருக்கும். சுத்தாம எப்படி? அங்க எங்க கரி ரெண்டு இருக்கும்.

தெரியுது தம்பி, கரி மாறி உக்காந்தா தீ சரியா எரியாம விஷவாயு வரும், ஆபத்துன்னு எனக்கும் தெரியுது. நீங்க சுவத்துல புகைக்கரி படிஞ்சதைக் காட்டறதுக்கு முன்னாடியே தெரியும். இந்த இலையுதிர்காலத்துல ஒரு சாயங்காலம் இவரு இங்க கம்பளியைப் போத்திக்கிட்டு உக்காந்திருக்கும்போது அலாரம் கத்துச்சு. விஷவாயு அலாரம். நான் என்னமோ அடுப்புல டோஸ்ட் கருகிடுச்சுன்னு சமையலறைக்கு ஓடினேன். வந்து பாத்தா இங்க தீ மஞ்சளா, நாக்கு நாக்கா எரியுது. அழகாத்தான் இருந்துச்சு. ஜன்னலைத் திறந்து, கேஸை மூடி, இவரை மாடிக்கு ஏத்தினேன். அன்னைக்கு ஏறினவர்தான். மேல ஒரு கரண்ட் ஹீட்டர் வச்சிருக்கேன். அது ரூமைச் சுட வைக்குது. இவரைச் சுட வைக்க மாட்டேங்குது. பாக்கறதுக்கு நெருப்பு இல்லாத சூடு சூடே இல்லையாம்.

பழசெல்லாம் தண்ணி தெளிச்சுத்தான் பையில போடணுமா? தூசி மூக்குல போகக்கூடாதா. போடுங்க, போடுங்க. பட்டாலே பொடியாகுது. ஆமா, கிளறுவாரு. கம்பியால கிளறுவாரு. எரியாத கரியைக் கிளறி என்ன ஆகப்போகுதுன்னு கேட்டா, கணப்புன்னு இருந்தா கிளறணும்பாரு. அவங்க அப்பாவும் சுரங்கம், தாத்தாவும் சுரங்கம். கை சும்மா இருக்காது.

அது வால்நட் ஓடு. அதுவும் இவரு வேலைதான். கிறிஸ்துமஸுக்குக் கொட்டை உடைச்சா ஓட்டைக் கணப்புல எறிஞ்சாத்தான் சாப்பிட்ட மாதிரி இருக்குமாம். அந்த ஆரஞ்சுத் தோலும் அவரோடதுதான். அந்தப் பாசிமணி என்னோடது, குடுங்க. ஜெபமாலையில ஒண்ணு குறையுதுன்னு எத்தனை நாளாத் தேடறேன். சிரிக்காதீங்க.

டீ ஆறுது. சர்க்கரை போட்டிருக்கேன்.

ம். என்ன வியாதின்னு கேக்க மாட்டேங்கறீங்க, நல்ல வளர்ப்பு. வயித்துல. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்துல வலின்னாரு. மீன் ஒத்துக்கலைன்னு நினைச்சேன், வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை மீன்தானே. ஈஸ்டருக்கு மான்செஸ்டர்ல பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாங்க. வெட்டி எடுத்தாங்க, அப்புறம் மருந்து ஏத்தினாங்க. அந்த மருந்துலதான் முடி போச்சு. அறுபது வயசுல ஒரு நரை கிடையாது, தெருவே பொறாமைப்பட்ட தலை. ரெண்டு வாரத்துல எல்லாம் தலையணையில வந்துடுச்சு. நான் தினமும் தலையணை உறையை மாத்திட்டு வேக்வம் போட்டேன். வேற என்ன பண்றது. அவரு கண்ணாடியைப் பாத்துட்டு, இப்ப நான் கென்யன் மாதிரி இருக்கேனான்னு கேட்டாரு. கென்யனுக்குக் காது சின்னது, நீங்க அவனை விட மோசம்னேன். சிரிச்சாரு.

அந்தக் கிறுக்கு கென்யனோட பொண்டாட்டி ஹில்டா போன வாரம் வந்தா. கிறிஸ்துமஸ் பலகாரம், மின்ஸ் பை, ஒரு தட்டு நிறைய. ஹில்டா மின்ஸ் பை கொண்டு வந்தா ஏதோ கெட்ட சேதி இருக்குன்னு அர்த்தம், நல்ல சேதின்னா வெறுங்கையோட வருவா. மேல போயி இவரு கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்து, ஜெரார்ட், இந்த வருஷம் நீங்க நல்லா ஓய்வெடுங்க, தெருவுக்கு வேற ஆளு ஏற்பாடு பண்ணிட்டோம்னா. யாருன்னு பாத்தா அவ பொண்ணு கட்டிக்கப் போற பையன். போல்டன்காரன். நான் பாத்திருக்கேன். தலை கறுப்பு, புருவம் வைக்கோல் நிறம். டை. வாசப்படியை ஏமாத்தலாம்னு நினைக்கறாங்க. உங்க வீட்டுக்கும் அனுப்பட்டுமான்னு என்னைக் கேட்டா. எங்க வீட்டுக்கு வேண்டாம், நாங்க கதவைப் பூட்டிக்கிட்டுத் தூங்கப் போறோம்னுட்டேன். மின்ஸ் பையில சர்க்கரை கம்மி, அதையும் சொன்னேன்.

இவரு தலையை ஆட்டிட்டாரு. தொப்பி போட்டுக்கிட்டுப் போனா யாருக்குத் தெரியப் போகுதுன்னு நவம்பர்ல சொல்லிக்கிட்டிருந்தவரு. ஹில்டா படி இறங்கிப் போன சத்தம் கேட்டதும் என்னைக் கூப்பிட்டாரு. இந்த வருஷம் நம்ம வீட்டுக்கு யாரு வருவா உர்சுலா, அப்படின்னாரு. அவ்வளவுதான் கேட்டாரு. நான் போர்வையைச் சரி பண்ணிட்டு வந்துட்டேன்.

என்ன அது, எந்தப் பக்கம்? குடுங்க, நான் படிக்கறேன், உங்களுக்குக் கண்ணாடி வேணும் போல இருக்கு. பின்வரிசைக் கரி முதல்ல. பல்லு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கற பக்கம் சுவரைப் பாத்து இருக்கணும். அப்புறம் முன்வரிசை. முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் நடுவுல பாலம் மாதிரி உக்கார்றது. படம் போட்டிருக்கு. சிஸ்டர் கான்சிலியா பூகோளப் படம் இதை விட நல்லா போடுவாங்க. ம், அது சரி. அது தலைகீழா இருக்கு, திருப்புங்க. நான் சொல்லல, படம் சொல்லுது.

ஒண்ணு கூடினாலும் பத்த வைக்கக்கூடாதா? அளந்துதான் குடுத்திருக்காங்களா, மிச்சம் ஒண்ணு கூட இல்லையா. ஒண்ணு குறைஞ்சா? குறைஞ்சாலும் கூடாது. எல்லாம் அதது இடத்துல உக்காந்தாத்தான் பத்த வைக்கலாம். அதுவும் நீங்களேதான் வைக்கணும், நான் வைக்கக்கூடாது. சட்டமா? சட்டம்தான். சரி. தெரிஞ்சுக்கலாம்னுதான் கேட்டேன்.

போன வருஷமா? போன வருஷம் என்ன ஆச்சுன்னு எதுக்குக் கேக்கறீங்க? நான் அப்படியா சொன்னேன், செம்பட்டை முடிப் பொம்பளைன்னு?

சொல்லியிருப்பேன். வாயில அதுதான் நிக்குது.

என் நாத்தனாரு. டோரீன். இவரோட ஒரே தங்கச்சி. பின்தெருவுல இருக்கா. முடின்னா சாதாரணச் செம்பட்டை இல்ல தம்பி, தீயணைப்பு வண்டி நிறம். ஒரே வயித்துல அண்ணன் காக்கா, தங்கச்சி கேரட். வருஷா வருஷம் ராத்திரி இங்க வருவா, ஆனா உள்ள வர மாட்டா. வாசல் கேட் கிட்டயே நிப்பா. இவரு தெருவெல்லாம் முடிச்சுட்டு வந்து கரியை வச்சதுக்கப்புறம்தான் உள்ள காலை வைப்பா. மழை பெஞ்சாலும் குடையைப் புடிச்சுக்கிட்டு நிப்பா. அவளுக்கே அவ முடி மேல அவ்வளவு மரியாதை.

போன வருஷம் ஐஸ் மழை. இவரு இன்னும் பாதித் தெரு முடிக்கல, ஒவ்வொரு வீட்டுலயும் விஸ்கி. இவளுக்கு அவசரம். மனுஷிதானே, எவ்வளவு நேரம் அடக்கறது. ஓடி வந்து நேரா பாத்ரூமுக்குப் போயிட்டா. வெளிய வந்ததுக்கப்புறம்தான் அவளுக்கே உறைச்சுது. இந்த சோபாவுல வந்து உக்காந்தா, மூஞ்சி அப்படியே மாவு மாதிரி ஆயிடுச்சு. இவரு கரியோட உள்ள வந்து பாத்தாரு. அட நீதானான்னு சிரிச்சுட்டு, கரியை வச்சு, அவளுக்கும் ஒரு மடக்கு ஊத்தினாரு. அதோட மறந்துட்டோம். நான் மறந்துட்டேன்.

அப்புறம்தான் தவக்காலம், அந்த வயித்து வலி.

யாரும் அவளைக் குத்தமா ஒரு வார்த்தை சொல்லல. நான் சொல்லல, சத்தியமா. என் வாய்க்கு நான் சொல்லியிருப்பேன்னு நீங்க நினைக்கலாம், எல்லாரும் அப்படித்தான் நினைக்கறாங்க. இவரும் சொல்லல. ஆனா ஆஸ்பத்திரிச் சேதி வந்த அன்னைக்கு அவளுக்குப் போன் பண்ணினேன் பாருங்க, அவ அப்படியே போனை வச்சுட்டா. அதுக்கப்புறம் இந்த வாசப்படியை அவ மிதிக்கல. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை சூப் வச்சு எடுத்துட்டு வருவா. கேட்டுல நிப்பா. தலையில துணி கட்டியிருப்பா, ஒரு முடி வெளிய தெரியாம, எங்க பழைய சிஸ்டருங்க மாதிரி. சூப்பை மதில் மேல வச்சுட்டு அண்ணன் எப்படி இருக்கான்னு கேப்பா. உள்ள வந்து நீயே பாருன்னா, அடுப்புல ஏதோ வச்சுட்டு வந்தேன்னு ஓடிடுவா. வருஷம் பூரா அவ அடுப்புல ஏதோ இருக்கு.

எனக்கும் அவளுக்கும் ஆகாது, அது வேற கதை. கல்யாணமான நாள்லேருந்து இவ எப்ப கிளம்புவான்னு கடிகாரத்தைப் பாத்தவ நான். இப்ப வர மாட்டேங்கறா. அதுவும் நல்லா இல்ல. சூப்பு நல்லா இருக்கு, அதைச் சொல்லணும்.

இவரு மேலேருந்து கேப்பாரு, டோரீன் வந்தாளான்னு. வந்தா, சூப்பு குடுத்தாம்பேன். உள்ள வரலியாம்பாரு. அவசரமா போயிட்டாம்பேன். எத்தனை ஞாயித்துக்கிழமைக்கு இதையே சொல்றது. போன ஞாயிறு அவரு கேக்கவே இல்ல. சூப்பையும் குடிக்கல. ஆடை கட்டிப் போய்க் கிடந்துச்சு. அதான் தம்பி எனக்குப் பொறுக்கல.

இருங்க. வைக்காதீங்க.

அந்தக் கடைசிக் கரியை வைக்காதீங்க. கையிலயே வச்சிருங்க. கேஸ் குழாயை மூடியாச்சா? மூடுங்க. சரி. இப்ப அதை உங்க கோட்டுப் பாக்கெட்ல போட்டுக்குங்க.

எனக்குப் புத்தி சரியாத்தான் இருக்கு. நீங்கதானே சொன்னீங்க, ஒண்ணு குறைஞ்சா பத்த வைக்கக்கூடாது, வேற யாரும் வைக்கக்கூடாது, சட்டம்னு. அப்ப வேலை இன்னும் முடியல. முடியாத வேலையை முடிக்க நீங்க திரும்ப வந்துதானே ஆகணும். ராத்திரி பன்னெண்டு அடிச்சதும் வாங்க. முன்வாசல் வழியா. கரியைக் கையில வச்சுக்கிட்டு. நேரா வந்து அதோட இடத்துல வச்சு, புகைக்குச்சியைக் கொளுத்திக் காட்டி, புகை மேல போகுதான்னு பாக்கறதெல்லாம் பாத்துட்டுப் பத்த வைங்க. சம்பிரதாயப்படியும் சரி, உங்க படத்துப்படியும் சரி. வேற கரியைக் கொண்டு வந்தா ஒண்ணு கூடிடும், மறுபடியும் அலாரம் கத்தும். நான் வாரம் பூரா யோசிச்சுப் பாத்துட்டேன், இதை விட்டா வேற வழியில்ல.

உங்க கம்பெனிலேருந்து நீங்க மூணாவது ஆளு, தெரியுமா? சொல்லியிருக்க மாட்டாங்க. முதல்ல ஒருத்தர் வந்தாரு, நல்ல மனுஷன், வைக்கோல் முடி. டீ குடுத்து, இன்னைக்குத் தலை வலிக்குதுன்னு அனுப்பிட்டேன். ரெண்டாவது ஆளுக்குத் தலையில ஒண்ணுமே இல்ல, தொப்பியைக் கழட்டினதும் தெரிஞ்சுடுச்சு, வீட்டுல விருந்தாளின்னு சொல்லிட்டேன். விருந்தாளி எங்கன்னு கேட்டாரு. நீங்கதான்னேன். அப்புறம் உங்க ஆபீசுக்குப் போன் பண்ணி, கறுப்பு முடி உள்ள ஆளா அனுப்புங்கன்னு எப்படிக் கேக்கறது? அந்தப் பொண்ணு வேற மாதிரி எடுத்துக்கும். அதனால ஜெபம் பண்ணினேன். சிஸ்டர் கான்சிலியாவுக்குத் தெரிஞ்சா கல்லறையிலேருந்து எழுந்து வந்து முட்டி போட வைப்பாங்க.

நீங்க கதவைத் தட்டினப்போ நான் முதல்ல பாத்தது உங்க தலையைத்தான். டை இல்லையே? காதுப் பக்கம் பாத்தேன், இல்ல. புருவம் சேரல. பாதம் நல்லா வளைவா இருக்கு, அதையும் பாத்துட்டேன்.

வீட்டம்மா கிட்ட என்ன சொல்றதா? அவசர கேஸ் வேலைன்னு சொல்லுங்க. பொய் இல்லையே. அவங்களையும் கூட்டிட்டு வாங்க, ஆனா அவங்க உங்களுக்குப் பின்னாடி வரட்டும்.

நம்பிக்கையெல்லாம் இல்ல தம்பி. நான்தான் சொன்னேனே. ரெண்டாந்தேதி காலையில மான்செஸ்டர் போகணும், ஸ்கேன் படம் எடுத்ததுல என்ன வந்திருக்குன்னு சொல்லுவாங்க. அதுல வந்தது வந்ததுதான், உங்க பாக்கெட்ல இருக்கறது அதை மாத்தப் போறதில்ல. அது எனக்குத் தெரியாதா? ஆனா மாத்தும்னு நினைக்கறவங்க ரெண்டு பேரு இருக்காங்க. ஒருத்தரு மேல இருக்காரு.

இன்னொருத்தி வாசல் கேட் கிட்ட நிப்பா. கட்டாயம் நிப்பா, அண்ணனுக்கு வருஷம் எப்படிப் பொறக்குதுன்னு பாக்காம அவ வீட்டுல இருக்க மாட்டா. தலையில துணி, கையில மூடி போட்ட பாத்திரம். வணக்கம் சொல்லிட்டு, நிக்காம அவளைத் தாண்டி உள்ள வந்துடுங்க. நீங்க வச்சு, பத்த வச்சு, நெருப்பு நல்லா புடிச்சு, இவரு அதைப் பாத்துக்கிட்டு உக்காந்ததும், வெளிய எட்டிப் பாத்து, உள்ள வாங்கம்மான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். நான் கூப்பிட்டா வர மாட்டா. முதல் காலடி வச்ச ஆளு கூப்பிட்டா அவளால மறுக்க முடியாது.

கதவை மட்டும் சாத்திடாதீங்க. அவ உடனே வர மாட்டா, கொஞ்ச நேரம் ஆகும். குளிர் உள்ள வந்தா வரட்டும், நாங்க கம்பளியை இழுத்துப் போத்திக்கறோம்.